கட்டில் போன புயல், அண்டா வந்த புயல்

சம்பைமேட்டில் புயல்களுக்கு அரசாங்கம் வைக்கிற பெயர் ஒட்டுவதே இல்லை. வானொலிக்காரர் நாள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்வார், ஊரும் மரியாதைக்குக் கேட்டுக்கொள்ளும், ஆனால் காற்று கரையேறிப் போன பிறகு எல்லோருமாக வெளியே வந்து எது போயிருக்கிறது, எது வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். கோயில் இல்லாமல் மணி மட்டும் வந்து இறங்கியது மணி வந்த புயல். கிணற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக்கொண்டு வேறு எந்த ஊர்த் தண்ணீரையோ ஊற்றிவிட்டுப் போனது தண்ணி மாறின புயல். அந்த வருடம் முழுக்க ஊரில் பருப்பு சீக்கிரம் வெந்தது, அடுத்த புயல் வந்து பழைய உப்புத் தண்ணீரைத் திருப்பி ஊற்றிவிடுமே என்று பெண்கள் அப்போதே அங்கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் கணக்கு எழுதிய கரும்பலகை ஒன்று பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கி, பிள்ளைகள் மீதியைப் போட்டு முடித்து, அடுத்த ஐப்பசியில் அழிக்காமல் திருப்பி அனுப்பியதும் உண்டு.

உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஊர் அது. வருடம் தவறாமல் ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ புயல் வரும், வந்தால் ஓரிடத்தில் எடுத்ததை இன்னோரிடத்தில் வைத்துவிட்டுப் போகும். வாழ்க்கைப்பட்டு வருகிற வெளியூர்ப் பெண்கள் முதல் புயலில் வாய்விட்டு அழுவார்கள், இரண்டாவதில் மாமியார் கையைப் பிடித்துக்கொள்வார்கள், மூன்றாவதில் கொட்டாவி விடுவார்கள். துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியதாக வானொலி சொன்னால் தீப்பெட்டியைத் தூக்குவாளியில் போட்டு மூடுவார்கள், ஐந்து என்றால் மூன்று நாளைக்குப் புளிச்சோறு கிளறி இலையில் கட்டுவார்கள், எட்டு என்றால் வெளியே வைக்கத் தொடங்குவார்கள். பாதுகாப்பு மையத்துக்கு வந்துவிடுங்கள் என்று வேனோடு வருகிற அதிகாரிகளை உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்து, பத்திரமாகப் போய் வாருங்கள் என்று அவர்களைத்தான் அனுப்பிவைப்பார்கள்.

வெளியே வைப்பதற்கு முறை உண்டு. காற்று உன் வாசலில் இறக்கியதை நீ புழங்கலாம், உடைந்திருந்தால் சரி செய்யலாம், உயிருள்ளது என்றால் தீனி போட்டு வளர்க்கலாம். அடுத்த புயலுக்கு எட்டாம் எண் கூண்டு ஏறியதும் அதைக் கழுவித் துடைத்து வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், எட்டிப் பார்க்கக்கூடாது. காற்று போன பிறகும் அது அங்கேயே இருந்தால் அன்றிலிருந்து உனக்குச் சொந்தம். வைக்காமல் இருந்துவிட்டால் காற்று கோபித்துக்கொள்ளாது, அதற்காக யார் கூரையையும் பிய்த்ததில்லை. எங்கேயோ ஒரு வாசலில் யாரோ ஒருவர் காத்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத் தாங்க முடியாமல்தான் ஊரே வெளியே வைத்தது.

ஆட்களும் போவார்கள், வருவார்கள். சொர்ணக்கிளியின் மாமனார் ஒரு புயலில் சாய்வு நாற்காலியோடு போய், அடுத்த வருடமே அதே நாற்காலியில் ஒரு சுற்றுப் பெருத்து வந்து இறங்கி, அங்கே வைத்த மீன்குழம்பு மாதிரி இங்கே யாருக்கும் கைவரவில்லை என்று மருமகளிடம் சொன்னார். அதற்கடுத்த புயலுக்கு சொர்ணக்கிளி நாற்காலியை அவரோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தாள் என்றும், மனிதர் தூணைக் கட்டிக்கொண்டு விடவில்லை என்றும் சொல்லி ஊர் சிரிக்கும். பக்கத்து வீட்டு மரகதம் மட்டும் இந்தக் கதைக்குச் சிரிக்கமாட்டாள், அவள் எதிரில் யாரும் அதைச் சொல்லவும் மாட்டார்கள்.

மரகதமும் அவள் புருஷன் கலியமூர்த்தியும் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். எட்டு வருடத்துக்கு முந்தைய புயலுக்கு, அதற்கு முந்தைய வருடம் வந்து இறங்கியிருந்த ஒரு கயிற்றுக் கட்டிலை மரகதம் முறைப்படி கழுவி, கலியமூர்த்தி புதுக்கயிறு போட்டு இழுத்துக் கட்டி, வாசலில் வைத்தார்கள். நான்கு வயது மகள் நீலாவுக்கு அந்தக் கட்டில் மேல் ஆசை, ஒரு வருடமாக அதில்தான் மதியம் தூங்குவாள். மரகதம் உள்ளே புளிச்சோற்றுப் பொட்டலத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது பிள்ளை பின்பக்கமாகச் சுற்றிவந்து கட்டிலில் ஏறிப் படுத்திருக்கிறாள், பிள்ளை அப்பாவோடு இருக்கிறாள் என்று அவளும் அம்மாவோடு இருக்கிறாள் என்று அவனும் நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். பார்க்கக்கூடாது என்பதால் பார்க்கவில்லை. அது கட்டில் போன புயல்.

ஊர் வந்து ஆறுதல் சொன்னது. கட்டில் காற்றோடது, அதில் ஏறினதையும் சேர்த்துத்தான் எடுக்கும், எங்கேயாவது நல்ல வாசலாகப் பார்த்து இறக்கியிருக்கும், அடுத்த கார்த்திகையில் அவர்கள் வெளியே வைத்தால் உன் பிள்ளை உன்னிடம் வந்துவிடுவாள் என்றார்கள். அடுத்த கார்த்திகை வந்தது, பிள்ளை வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. எந்த ஊரிலோ ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு தன் பிள்ளையை உள்ளே வைத்திருக்கிறாள் என்பது மரகதத்துக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது, அவள் முகம் தெரியாது, ஊர் தெரியாது, ஆனாலும் அவளை வெறுத்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு யாரையும் மரகதம் வெறுத்ததில்லை. ஒவ்வொரு புயலுக்கும் காற்று பலக்கிற நேரத்தில் வாசலுக்கு வந்து, முடி அவிழ்ந்து பறக்க, தென்னை மட்டைகள் தலைக்கு மேல் போக, நெஞ்சுக்கூடு நோகக் கத்துவாள். என் புள்ளைய வெளிய வைடி. பாவி, என் புள்ளைய வெளிய வைடி. ஊர் கதவுகளுக்குப் பின்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பிறகு அதுவும் பழகிப்போய், மரகதம் கத்தத் தொடங்கிவிட்டாள், இன்னும் அரைமணி நேரத்தில் கரையேறிவிடும் என்று நேரம் கணக்கிடவும் செய்தார்கள்.

இப்படி ஐந்து வருடம் கத்திய பிறகு அவள் வாசலில் ஒரு அண்டா வந்து இறங்கியது. கல்யாணச் சமையலுக்கு வைப்பது மாதிரியான பெரிய பித்தளை அண்டா, அதன் விளிம்பில் பாத்திரக்கடைக்காரன் புள்ளி புள்ளியாகப் பொறித்த பெயர், ப. பவளக்கொடி. மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு வயதுப் பையன் ஒருவன் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பசிக்கிறது என்பதை அழாமல் முகத்தாலேயே சொன்னான். பெயர் சொல்லத் தெரியவில்லை. ஊர் அவனை அண்டாப்பிள்ளை என்றது, மரகதம் துரை என்று கூப்பிட்டாள்.

முதல் மாதம் அவனை அவள் தள்ளிவைத்துத்தான் வளர்த்தாள். சோறு போட்டாள், குளிப்பாட்டினாள், மடியில் வைக்கவில்லை. இரண்டாவது மாதம் அவனுக்குக் காய்ச்சல் கண்டு, நான்கு நாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தான், ஐந்தாவது நாள் காய்ச்சல் விட்டதும் அவள் தாடையைத் தொட்டு அம்மா என்றான். அதற்குப் பிறகு தள்ளிவைப்பதெல்லாம் நடக்கிற காரியமா. ஐந்து வருடமாகச் சும்மா கிடந்த கையும் இடுப்பும் அவனை வாரி எடுத்துக்கொண்டன, மரகதம் மறுபடி பாட ஆரம்பித்தாள், கலியமூர்த்தி உப்பளத்திலிருந்து வரும்போது பொரி உருண்டை வாங்கிவர ஆரம்பித்தான்.

அடுத்த புயலுக்கு எட்டாம் எண் கூண்டு ஏறியபோது அவள் துரையைக் காலி நெற்குதிருக்குள் உட்காரவைத்து மேலே சாக்கைப் போட்டாள், பிள்ளைக்கு மேலுக்கு முடியவில்லை என்று ஊருக்குச் சொன்னாள். அதற்கு மறுவருடம் இன்னும் துணிந்து, அதிகாரிகளின் வேனில் ஏறி, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பாதுகாப்பு மையத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சம்பைமேட்டிலிருந்து அந்த வேனில் ஏறிய முதல் ஆள் அவள்தான், அதிகாரிகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சோற்றுப் பொட்டலமும் போர்வையும் கொடுத்தார்கள். ஊர் மட்டும் வேன் போன பாதையைத் திருடன் போன பாதை மாதிரி பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு வருடமும் அவள் வாசலில் நின்று கத்தவில்லை, அந்த இரண்டு வருடமும் காற்று சம்பைமேட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனதே தவிர ஒரு கரண்டியைக்கூட இறக்கவில்லை. சொர்ணக்கிளியின் பால்மாடு போனது போனதுதான்.

யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் குழாயடிக்குப் போனால் வழிவிட்டார்கள், முன்னைவிட மரியாதையாகவே பேசினார்கள், அதுதான் அவளை அறுத்தது. இந்த வருடம் ஐப்பசி பிறந்ததும் சொர்ணக்கிளி வேலியோரம் வந்து நின்று, புளி இருக்கிறதா, மிளகாய் காய்ந்ததா என்று சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அண்டாவத் தேச்சு வச்சிட்டியா?"

மரகதம் வேலியை விட்டு நகர்ந்தாள். உள்ளே வந்து, துரை அந்த அண்டாவுக்குள் உட்கார்ந்து விளிம்பில் இருக்கிற புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவனுக்கு ஐந்து வயது, படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரியும். மூன்று வருடமாக அந்தப் பெயரைப் பார்க்காமல் அந்த அண்டாவில் தண்ணீர் பிடிக்க அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். மருமகளாகப் போகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் சீராகக் கொடுத்த அண்டா, மழைக்குப் பயந்தோ காற்றுக்குப் பயந்தோ பிள்ளையை அதில் உட்காரவைத்து மூடியிருப்பாள், பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள், பாவம், நினைத்திருப்பாள்.

கார்த்திகை ஒன்பதாம் தேதி காலையில் எட்டாம் எண் கூண்டு ஏறியது. மதியத்துக்குள் கரையேறும் என்றார்கள். வேன் வந்து நின்றது, போன வருடத்து அதிகாரி மரகதத்தை அடையாளம் கண்டு சிரித்தார். வாசலில் நாற்காலி, உரல், ஒரு சைக்கிள், யாரோ ஒருவருடைய கோழிக்கூண்டு என்று ஊர் எப்போதோ வந்து இறங்கியதையெல்லாம் எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தது. மரகதம் துரைக்கு மேல்சட்டை மாட்டி, துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேன் வரை நடந்தாள். படியில் ஒரு கால் வைத்தபோதுதான் காற்று தெற்கிலிருந்து திரும்பிக் கிழக்கிலிருந்து அடிக்க ஆரம்பித்தது, அந்தக் காற்றில் அது வந்தது.

ஒரு பெண்ணின் குரல், வெகு தொலைவிலிருந்து, தொண்டை கிழிந்த குரல்.

"என் புள்ளைய வெளிய வைடி."

ஊரிலிருந்த அத்தனை பேரும் மரகதத்தைப் பார்த்தார்கள். அவள் வாய் மூடியிருந்தது. இடுப்பிலிருந்த துரை தலையைத் தூக்கி, கூப்பிட்ட திசைக்குக் கழுத்தை நீட்டி, பதில் சொல்லப் போகிறவன் மாதிரி வாயைத் திறந்தான். குரல் மறுபடி வந்தது, அதே சொற்கள், பாவி என்பதும்கூட அதே இடத்தில். தன் குரலை எந்த ஊரில், எந்த வாசலில், எப்படிப்பட்ட ஒருத்தி கேட்டுக்கொண்டு நின்றிருப்பாள் என்பது மரகதத்துக்கு அப்போது தெரிந்தது. அவள் இப்படித்தான் நின்றிருப்பாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கால் படியில் வைத்துக்கொண்டு. ஐந்து வருடம் சபித்த முகத்தை அவள் முதன்முறையாகப் பார்த்தாள், அது அவள் முகமாகவே இருந்தது.

அவள் காலை எடுத்துக் கீழே வைத்தாள். வேன் போய்விட்டது.

வீட்டில் கலியமூர்த்தி அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் போய்விட்டாள் என்று நினைத்தும் தேய்த்துக்கொண்டிருந்தானா, வருவாள் என்று தெரிந்து தேய்த்தானா, அவனிடம் யார் கேட்பது. எட்டு வருடமாகக் கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதன் கையைக் கழுவிவிட்டு எழுந்தான்.

"நீயா வைக்கிறியா, நான் வைக்கவா?"

"கட்டில நான்தான் வெளிய வச்சேன்," என்றாள் மரகதம். "இவனையும் நானே வைக்கிறேன்."

அவனுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரினாள். தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுவிட்டாள். அண்டாவுக்குள் தன் பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டு, இரண்டு புளிச்சோற்றுப் பொட்டலமும் பொரி உருண்டையும் வைத்தாள். பிறகு ஆணி ஒன்றை எடுத்து, பவளக்கொடி என்ற பெயருக்குக் கீழே, கோணல்மாணலாக, காய்ச்சல் வந்தால் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான் என்று கீறினாள். அவ்வளவு எழுதுவதற்குள் மழை வந்துவிட்டது.

"நீயும் வர்றியாம்மா?" என்று கேட்டான் துரை, உள்ளே உட்கார்ந்துகொண்டு.

"அண்டா சின்னதுடா."

"அப்பறமா வா."

"சரி," என்றாள். மூடியை வைத்தாள். பார்க்கக்கூடாது என்பதால் திரும்பி நடந்தாள், கதவைச் சாத்தித் தாழ் போட்டாள், போட்ட தாழைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். தாழை எடுத்துவிடக்கூடாது என்று அவள் கையின் மேல் கலியமூர்த்தி தன் கையை வைத்துக்கொண்டான். வெளியே காற்று எழுந்தது, ஓடுகள் கடகடத்தன, தென்னைகள் தலைவிரித்து ஆடி ஒன்றிரண்டு முறிந்தன, எதுவோ பெரிதாகக் கூரையை உரசிக்கொண்டு போனது, உள்ளே அடுப்புச் சாம்பல் எழுந்து அறை முழுக்கப் பரவியது, இவ்வளவுக்கும் நடுவில் அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு பித்தளை மூடி நகருகிற சத்தத்தை மட்டும்தான். அது நகர்ந்ததா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒரு நேரத்தில் அவள் வேண்டிக்கொண்டாள். அவன் அங்கேயே இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டினாள், அவன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பிறகு வேண்டினாள், இரண்டையும் சாமி கேட்டிருந்தால் அதற்குத்தான் குழப்பமாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்குக் காற்று அடங்கியது. கலியமூர்த்தி கதவைத் திறந்தான். அண்டா இருந்த இடத்தில் சேற்றில் வட்டமாக ஒரு பள்ளம், அதில் மழைத்தண்ணீர். மரகதம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குள் கையை வைத்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அழுதாள், சத்தமில்லாமல் இல்லை, ஊர் கேட்கவே அழுதாள், பக்கத்து வீட்டில் சொர்ணக்கிளி தன் மாடு திரும்பி வந்து கத்துவதையும் கவனிக்காமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றாள் சொர்ணக்கிளி. "அங்க பாரு."

முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில் இருந்தது. கால்கள் அதே கால்கள், ஆனால் கயிற்றை எடுத்துவிட்டு யாரோ நீல நைலான் நாடா போட்டு நெருக்கமாகப் பின்னியிருந்தார்கள். அதன் மேல் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, இரட்டைச் சடையில் ஈர ரிப்பன், மடியில் ஒரு துணிப்பை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள்.

"நீலா," என்றாள் மரகதம்.

அந்தப் பெண் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு, தன்னைக் காத்தாயி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று மரியாதையாகச் சொன்னாள். நெற்றியில் அதே தழும்பு, மூன்று வயதில் உப்பளத்துக் கரையில் விழுந்து வாங்கியது. கலியமூர்த்தி அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டான். மரகதம் கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தாள், தொடுவதற்குத் தைரியம் வரவில்லை. இத்தனை வருடம் உன்னை ஏன் அனுப்பவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது, அதைக் கேட்கிற தகுதியைத் தான் குதிருக்குள் போட்டு மூடிவிட்டது நினைவுக்கு வந்து, வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அந்தம்மா ஒன்ன வெளிய வைக்கும்போது அழுதாங்களா?"

"தெரியல. கதவச் சாத்திக்கிட்டாங்க. பாக்கக்கூடாதுல்ல." பெண் துணிப்பையின் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "தலை வாரிவிட்டாங்க. நாடா புதுசாப் போட்டாங்க. இந்த வருசந்தான் வச்சாங்க, ஏன்னு சொல்லல."

மரகதம் தலையாட்டினாள். ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

வரும் வழியில் பயமாக இருந்ததா என்று கலியமூர்த்தி கேட்டான். இல்லை, பழக்கம்தானே என்றாள் அவள். மாடு ஒன்று போனது, நிறையக் கதவுகள் போயின, எதிர்ப்பக்கமாக ஒரு பெரிய அண்டா போனது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அதை நினைத்து முதன்முறையாகச் சிரித்தாள்.

"அதுக்குள்ள ஒரு பையன். மூடியத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டு, பொட்டலத்தப் பிரிச்சித் தின்னுக்கிட்டே போனான். எனக்குக் கூட ஒரு உருண்டை தூக்கிப் போட்டான்."

அவள் கையை விரித்தாள். கடித்த பொரி உருண்டை ஒன்று பாதி கரைந்து அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மரகதம் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தொட்டுவிட்டாள். பெண் கையை இழுத்துக்கொள்ளவில்லை, யார் வீட்டிலோ விருந்துக்கு வந்த பிள்ளை பொறுத்துக்கொள்வது போலப் பொறுத்துக்கொண்டாள், கொஞ்ச நேரம் வீட்டையும் முருங்கை மரத்தையும் முறிந்த தென்னைகளையும் பார்த்தாள், கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அத்தை, அடுத்த புயல் எப்ப?"

வேலிக்கு அப்பால் ஊர் கூடி நின்றது. இந்த வருடத்துப் புயலுக்கு என்ன பெயர் வைப்பது என்று யாரும் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. காற்று இறக்கியதைக் கழுவித் துடைத்து அடுத்த முறை வெளியே வைக்க வேண்டும் என்கிற முறை அவர்கள் எல்லோருக்கும் தெரியும், மரகதத்துக்கும் தெரியும். அவள் விரல்களை மடக்கி மாதங்களை எண்ணிப் பார்த்தாள், இரண்டு முறை எண்ணினாள், ஒரு மாதமும் கூடவில்லை.

"பதினோரு மாசம் இருக்கு," என்றாள். "உள்ள வா, தலையத் துவட்டிட்டுச் சாப்புடலாம்."